எந்தக் கன்னியர் பள்ளி?



மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்கையில், "சிஸ்டர்கள் நடத்தும் பெண்கள் பள்ளி, ஜெபமும் ஒழுக்கமும் இருக்கும்" என்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். அரசு உதவி பெறும் பள்ளியா, சுயநிதிப் பள்ளியா என்று கேட்பதில்லை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற நம் ஓசூர்க் குடும்பங்களும், பெங்களூர் வேலையை எண்ணி ஆங்கில வழியையே நாடுகின்றன. அந்த ஆசையில் குறையில்லை.

ஆனால் பன்னிரண்டு முடித்த பெண்ணுக்காகக் கம்பெனி பஸ் காத்து நிற்கும் வட்டாரம் இது. 2022-இல் அரசுப் பள்ளி மாணவியருக்கெனத் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தை, 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்றவர்களுக்கும் விரிவாக்கினார்கள். 6 முதல் 12 வரை அவ்வாறு படித்தவள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். தினக்கூலித் தகப்பனுக்கு அது சிறு தொகையா?

எனவே விண்ணப்பம் வாங்கும்போதே சிஸ்டரிடம் கேட்போம்: அரசு உதவி உண்டா? தமிழ் வழி பன்னிரண்டு வரை உண்டா?