பாட்டைப் பார்க்கும் பழக்கம்



தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் வீடுகளில் குழந்தைகளின் காதில் விழும் தமிழ் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், பெற்றோரின் பேச்சுக்கு அடுத்தபடியாகத் திரைப்பாட்டே நிற்கிறது. அதிலும் இக்காலக் குழந்தை பாட்டைக் கேட்பதைவிடப் பார்ப்பதே மிகுதி. கைப்பேசியின் சிறு திரையில் மூன்று நான்கு நிமிடம் ஓடும் வீடியோவாகவே பாட்டு அதனிடம் வந்து சேர்கிறது. கூத்துக்கும் நாடகத்துக்கும் மரபுகள் இருப்பதுபோல இவ்வீடியோக்களுக்கும் மரபுகள் உண்டு. அவற்றுள் சிலவற்றை, சொற்களோடு பொழுது கழிக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளனின் நோக்கில் இன்று ஆராய விரும்புகிறேன்.

முதலாவது, முகத்தைப் பற்றிய மரபு. தமிழ்ப் பேசும் படத்தின் தொடக்க நாட்களில் நடிகரே பாடினார், எம். கே. தியாகராஜ பாகவதரின் குரலுக்கு வேறு முகம் தேவைப்படவில்லை. 1930களின் பிற்பகுதியில் பின்னணிப் பாடல் முறை புகுந்தபின், குரல் ஒருவருடையது, உதடு மற்றொருவருடையது என்றாயிற்று. டி. எம். சௌந்தரராஜனின் குரலுக்கு எம். ஜி. ஆரும் வாயசைத்தார், சிவாஜி கணேசனும் வாயசைத்தார். அதை நாம் பொய்யென்று ஒருநாளும் கருதியதில்லை. மேல்நாட்டு வீடியோ வேறு வழியில் வளர்ந்தது. அங்கே விளம்பரம் செய்யவேண்டியது கதையை அன்று, பாடகரை. ஆதலின் பாடகர் காமிராவை நேருக்கு நேர் நோக்கிப் பாடுகிறார். நம் திரைக் காதலன் காதலியைப் பார்த்துப் பாடுகிறான். நாம் ஓரமாக நின்று பார்க்கிறோம். வீடியோப் பாடகனோ நம்மையே பார்த்துப் பாடுகிறான்.

அமெரிக்காவில் எம்.டி.வி. என்னும் தொலைக்காட்சி 1981 ஆகஸ்டு 1ஆம் நாள் தொடங்கியபோது முதலில் ஒளிபரப்பிய பாட்டின் தலைப்பு, வானொலி நட்சத்திரத்தை வீடியோ கொன்றுவிட்டது என்று பொருள்படும். கொன்றதோ இல்லையோ, வீடியோவைப் பற்றி நான் பேசுவதற்கு வானொலிதான் இடம் கொடுத்திருக்கிறது!

இடமும் உடையும் நொடிக்கு நொடி மாறுவது யாவரும் அறிந்தது. விரிவாகச் சொல்ல வேண்டுவதில்லை. மதுரையில் பல்லவி, பனிமலையில் சரணம். ஏன் அங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. தாளம் விழும் இடத்தில் காட்சி வெட்டுப்படும்; பல்லவி திரும்பும்போது ஆட்டக்குழுவும் அதே அசைவோடு திரும்பும். கண்ணுக்கும் ஒரு பல்லவி வேண்டுமல்லவா?

2011 நவம்பரில் வெளியான 'ஒய் திஸ் கொலவெறி டி' பாட்டு இன்னொரு மரபை வலுப்படுத்தியது. 2012இல் வந்த '3' என்னும் படத்துக்கு அனிருத் இசையமைத்த பாட்டு அது. வீடியோவிலே படக் காட்சி இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனுஷ் பாடுகிறார். உடனிருப்போர் புன்னகையுடன் கேட்டு மகிழ்கின்றனர். ஏதோ தற்செயலாக நாம் உள்ளே நுழைந்துவிட்டதுபோன்ற தோற்றம். வடநாட்டு அலுவலகங்களிலெல்லாம் அதை முணுமுணுத்தார்கள். மைக்கையும் கண்ணாடித் தடுப்பையும் காட்டும் அத்தகைய வீடியோக்கள் இன்று ஏராளம். ஒப்பனையின்றி இருப்பதும் ஓர் ஒப்பனைதான் என்பது என் கருத்து.

நான் சொல்லவந்த முக்கியமான விஷயம் இனித்தான் வருகிறது. படம் திரைக்கு வருமுன் காட்சிகளை வெளிவிட மனமில்லாமல், சில அசையாப் படங்களோடு பாட்டின் சொற்களை மட்டும் திரையில் ஓடவிடுகிறார்கள். இதற்கு 'லிரிக் வீடியோ' என்று பெயர். சொல்லுக்கு இவ்வளவு பெரிய மேடை கிடைத்ததே என்று மகிழத் தோன்றும். ஆயின் அம்மேடையில் ஏறும் தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை உடுத்திக்கொண்டே ஏறுகின்றன.

இதனால் வரும் சங்கடம் சிறியதன்று. கே, ஏ, எல், ஏ, ஐ என ஐந்து எழுத்துகள் திரையில் தோன்றுகின்றன. அது கலையா, களையா, காலையா, காளையா? நான்குக்கும் அதே ஐந்து எழுத்துகள்தாம். பள்ளிக்கும் பல்லிக்கும் எழுத்திலே பேதமில்லை. குறிலும் நெடிலும் ஒன்றாகின்றன. லகரமும் ளகரமும் ஒன்றாகின்றன. நகரமும் ணகரமும் னகரமும் ஒரே எழுத்துக்குள் அடைபடுகின்றன. ழகரத்துக்கு மட்டும் 'இசட், எச்' என்று இரண்டு எழுத்துகள் ஒதுக்கியிருக்கிறார்கள். தமிழகத்தில் வளரும் குழந்தைக்கு இதனால் கேடில்லை. பள்ளியும், கடைப்பலகையும், பேருந்துப் பலகையும் உண்மையான எழுத்தை நாள்தோறும் காட்டிவிடும். தில்லியில் வளரும் குழந்தைக்கு அத்துணை கிடையாது. 'இசட், எச்' என்பதைக் கண்டதும் அது தன் வகுப்புத் தோழர்களைப்போல ஜகரத்தையொட்டி ஒலிக்கிறது.

என் மகளுக்கு வயது பதினொன்று. ஒரு முழுப் பாட்டைத் தாளம் பிசகாமல் பாடுவாள். அதில் வந்த 'வழி' என்னும் சொல்லுக்குப் பொருள் கேட்டேன். "நோவு" என்றாள். பாட்டு சோகப் பாட்டு. வழியை வலியாகக் கொண்டாலும் அவளுக்கு எங்கும் இடறவில்லை. சொல் தவறியதை இசையும் காட்சியும் மூடிவிட்டன.

காட்சியின் அழகில் சொல் மறைவதற்கு நல்ல வீடியோவும் விலக்கன்று. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யைப் பெரும்பாலோர் கண்டிருப்பீர்கள். சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடியது, திரைப்படத்தைச் சேராதது. பாடுகிறவர்களே முகம் காட்டுகிறார்கள். பசுமையும் பல வண்ண உடையும் கூட்டமும் கண்ணைக் கவர்கின்றன. ஆனால் அதன் சொல்லுக்கு அடியில் இருப்பவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய மக்கள். தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்விலிருந்து அறிவு எடுத்த பொருள் அது. பிழைப்புக்காக ஊர் விட்டுப் போனவர்களின் வழித்தோன்றல்கள், இன்னும் தொலைவில் ஒரு மாடிக் குடியிருப்பில் அமர்ந்து, அதை ஓர் ஆட்டப் பாட்டாக மட்டும் பார்த்து முடிப்பது எனக்கு உறுத்துகிறது.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு முறையைக் கையாள்கிறோம். புதுப்பாட்டு வந்தால் முதல் இருமுறை கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்கிறோம். பிறகு மகள் தன் காதுக்கு எட்டியதைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறாள். பிழையை அவள் தாயார் திருத்துகிறார். அதன்பின் வீடியோ. சென்ற மாதம் ஒன்றில் தமிழ் எழுத்தே ஓடியது. அரிதாகக் கிடைக்கும் அத்தகைய வீடியோவில் அவள் வாய் பாட்டைப் பின்தொடரவில்லை. கண் எழுத்தைத் தொடர, வாய் மெல்ல எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்தும் அவள் இரண்டாம் அடியிலேயே நின்றிருந்தாள்.