தோன்றா எழுவாயும் பெட் படமும்



சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பழைய தோட்டங்களிலிருந்து ஈப்போவுக்கு மருத்துவம் நாடிவரும் முதியோர்க்கு, மருத்துவர் மலாயில் கூறுவதைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் பேரப்பிள்ளைகளே. மல்டிபிள் மைலோமா என்னும் நோயை அவர்கள் 'எலும்புப் புற்று' என்றுரைப்பது பொருந்தாது. அது எலும்பு மச்சையின் பிளாஸ்மா அணுக்களில் தோன்றும் குருதிப் புற்று. எலும்பு அதனால் அரிக்கப்படுகிறது, அவ்வளவே.

பெட் படம் எடுக்குமுன் ஃபுளோரின்-18 இணைத்த குளுக்கோசை ஊசிவழிச் செலுத்துவர். முனைந்து இயங்கும் நோயணுக்கள் அதனை மிகுதியாக ஏற்க, அவ்விடம் ஒளிரும். கதிரியக்கம் 110 நிமிடத்திற்கொருமுறை பாதியாகும். 'சீனி ஊசி' என்று மட்டும் சொன்னால் இனிப்புநீர் உள்ளவர் அஞ்சுவார். அளவு மிகச் சிறிதென்பதையும் சேர்த்துச் சொல்லுதல் நன்று.

நாம் பெரிதும் கருதவேண்டியது வேறொன்று. எக்ஸ்ரேயும் சிடியும் காட்டும் எலும்புத் துளை, நோய் அடங்கிய பின்னும் பெரும்பாலும் ஆறாமல் நிற்கும். பெட் படமோ அத்துளையில் நோய் இன்னும் இயங்குகிறதா என்பதைக் காட்டும். 'இன்னும் இருக்கிறது' என்று பேரன் சொன்னால், பாட்டி எதனை எழுவாயாகக் கொள்வார்? தோன்றா எழுவாய் தமிழுக்கு இயல்பே. இவ்விடத்தில் அது தீங்காகும். 'துளை இருக்கிறது; ஒளிர்வு இல்லை' எனப் பிரித்துரைக்க வேண்டும்.

'ஒளிர்வு இல்லை' என்பதும் 'நோய் இல்லை' என்பதாகாது. ஹெக்சோகைனேஸ்-2 நொதி குன்றிய மைலோமா அணுக்கள் ஒளிராமலும் இருக்கலாம். ஆதலின் குருதி, சிறுநீர், மச்சைச் சோதனைகளோடு சேர்த்தே மருத்துவர் முடிவு காண்பர்.