நான்கு பேரைச் சேர்த்த கதை

(குறுவள மையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

நான் அரசு உயர்நிலைப் பள்ளியொன்றில் கணித ஆசிரியர். வகுப்பறையில் செய்த புதிய முயற்சி ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரு விளையாட்டுக்கு ஆள் சேர்த்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

கோடை விடுமுறையில் என் அக்கா மகன் வந்திருந்தான். கல்லூரி மாணவன். நண்பர்களோடு தான் விளையாடும் ஒரு விளையாட்டைக் காட்டினான். பலகை கிடையாது, காய் கிடையாது. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பேசிப் பேசியே கதை வளர்க்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். செய்தது பலிக்குமா என்ற சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருட்டுகிறார்கள். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு முன்னோடி. சூப்பர் ஹீரோக்களை வைத்தும் 1981இல் ‘சாம்பியன்ஸ்’ போலப் பல வந்தன. அவன் காட்டியது ‘மாஸ்க்ஸ்’. அதன் நாயகர்கள் பதின்வயதுப் பிள்ளைகள். நம் பிள்ளைகளுக்கு ஏற்றது என்று எனக்குப் பட்டது.

பள்ளி திறந்ததும் எட்டாம் வகுப்பில் அறிவித்தேன். வகுப்பே கை தூக்கியது. முதல் நாள் ஒரே கூச்சல். மூன்று மாணவர்கள் மட்டும் பேசினார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் அந்த மூவர்தான் மிஞ்சினார்கள். விளையாட்டு நின்றுபோனது.

அக்கா மகனிடம் தொலைபேசியில் சொன்னேன். “மாமா, நீங்க கூட்டம் சேர்த்திருக்கீங்க. நாலு பேர் போதும். தனித்தனியாப் போய்க் கூப்பிடுங்க” என்றான்.

நான்கு பெயர்களை எழுதினேன். எழுதியபின் பார்த்தால், நான்கும் என் கேள்விகளுக்கு எப்போதும் கை தூக்கும் பிள்ளைகள். எனக்கே வெட்கமாக இருந்தது. மூன்று பெயர்களை அடித்தேன். வகுப்பில் ஓயாமல் பேசும் மாணவன் ஒருவன் மட்டும் இருந்தான். நோட்டின் ஓரமெல்லாம் படம் வரையும் மாணவி, தம்பியை அங்கன்வாடியில் விட்டுவிட்டுத் தாமதமாக வரும் மாணவி, கடைசி வரிசை மாணவன் ஒருவன் ஆகியோரைச் சேர்த்தேன். குடிநீர்க் குழாயடியிலும் சைக்கிள் நிறுத்தும் இடத்திலும் தனித்தனியாகப் பார்த்து ஒரே கேள்வி கேட்டேன்: “உனக்கு ஒரு சக்தி கிடைத்தால் என்ன கேட்பாய்?”

பேசுபவன் பறக்க வேண்டும் என்றான். படம் வரைபவள், வரைந்தது உயிர்பெற வேண்டும் என்றாள். தாமதமாக வருபவள், “ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்கணும் சார்” என்றாள். கடைசி வரிசை மாணவன், “யார் கண்ணுக்கும் தெரியக்கூடாது சார்” என்றான். ஏன் என்றேன். “தெரிஞ்சா கேள்வி கேப்பீங்க.”

அவனைத்தான் இரண்டு ஆண்டுகளாக வகுப்பில் ‘தூங்குமூஞ்சி’ என்று அழைத்துவந்தேன்.

‘மாஸ்க்ஸ்’ விளையாட்டில் ஒரு விதி உண்டு. ஆபத்தானவர், விசித்திரமானவர், காப்பவர், உயர்ந்தவர், சாதாரணமானவர் என்று ஐந்து அடையாளங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பெரியவர் ஒருவர் பிள்ளையிடம் “நீ இப்படிப்பட்டவன்” என்று சொன்னால், அந்த எண்கள் ஏறி இறங்கும். விதியைப் படித்தபோது சுவையாக இருந்தது. அன்று சைக்கிள்களுக்கு நடுவே நின்றபோது சுட்டது.

“வா, உன்னைக் கேள்வி கேட்க மாட்டேன். பிடிக்கவில்லை என்றால் போய்விடலாம்” என்றேன். வந்தான். வெள்ளிக்கிழமைகளில் மதிய உணவுக்குப் பின் 25 நிமிடம். பரமபதப் பெட்டியிலிருந்து இரண்டு பகடை. இரண்டு வாரம் அவன் வாய் திறக்கவில்லை. நானும் சொன்ன சொல்லைக் காத்தேன். மூன்றாம் வாரம், பறப்பவன் தீப்பிடித்த ஆலைக்குள் மாட்டிக்கொண்டான். எல்லாரும் திகைத்தபோது ஒரு குரல்: “நான் உள்ளதான் இருக்கேன் சார். முதல்லேர்ந்தே இருக்கேன். யாருக்கும் தெரியல.”

பகடை உருட்டினான். மூன்றும் ஒன்றும், நான்கு. பத்தும் அதற்கு மேலும் முழு வெற்றி; ஏழு முதல் ஒன்பது வரை விலை கொடுத்து வெற்றி; ஆறும் அதற்குக் கீழும் தோல்வி. ஆனால் தோற்றவருக்கு ஒரு வளர்ச்சிப் புள்ளி உண்டு. ஐந்து சேர்ந்தால் புதிய திறன். தன் தாளில் முதல் புள்ளியை அவனே குறித்தான்.

அடுத்த வாரம், “ஏன் சார் பத்து விழவே மாட்டேங்குது?” என்று கேட்டான். கரும்பலகையில் 36 கட்டம் போட்டுக் கொடுத்தேன். தோல்விக்கு 15, நடுவில் 15, முழு வெற்றிக்கு 6 என்று எண்ணிச் சொன்னான். பத்தாம் வகுப்பு நிகழ்தகவுக் கணக்கு அது. காலாண்டுத் தேர்வில் அவன் மதிப்பெண் பெரிதாக ஏறிவிடவில்லை. ஆனால் இப்போது அவன் கேட்கிறான். நான் பதில் சொல்கிறேன்.

உங்கள் பள்ளியிலும் விளையாட்டோ, நாடகமோ, மன்றமோ தொடங்கலாம். மனத்தில் வரும் முதல் நான்கு பெயர்களை எழுதுங்கள். அதில் இல்லாத ஒரு பிள்ளையிடம் முதலில் போய்ப் பேசுங்கள்.