மயிலுக்குப் பதில் ஒரு மருந்து டாங்கி



ஈப்போ பழைய நகரத்துக்குப் போகிறவர்கள் சுவரோவியங்களுக்கு முன்னால் நின்று படம் எடுக்காமல் திரும்புவதில்லை. 2014-இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸக்காரெவிச் வரைந்தவை அவற்றில் பேர்போனவை. காப்பி குடிக்கும் பெரியவர், பிளாஸ்டிக் பையில் தொங்கும் பானம், ஈயச் சுரங்கத்தின் நினைவு. அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த வரிசையில் பால் வெட்டும் பெண் இல்லை. சுங்கை சிப்புட்டிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை ரப்பர் தோட்டங்களில் காண்டா வாளி சுமந்தவள் சுவரேறவில்லை.

அவளுக்கும் ஒரு கலை இருந்தது. விடியுமுன் பெரட்டு. பேர் கூப்பிட்டு முடிந்ததும் வேலைக்காட்டுக்கு நடை. புல் வெட்டும்போது ஒருத்தி பாட்டெடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். கங்காணி காதில் விழும் தூரத்தில்தான் நிற்பார். பாட்டுக்குள் அவரும் இருப்பார், கிராணியும் இருப்பார், பெண்களைக் கண்டால் பல்லிளிக்கிற துரையும் இருப்பார். நேரே சொன்னால் அன்றைய சம்பளம் போய்விடும். பாட்டாக வந்தால் யார்மேல் கோபப்படுவது?

அந்தச் சம்பளமும் எப்படி இருந்தது தெரியுமா? போருக்கு முன் ஆணுக்கு நாளுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு. 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, எங்கள் பெண்களிடம் வாலாட்டுவதை நிறுத்த வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. பாட்டில் இருந்த சங்கதி அங்கே மனுவில் ஏறியது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. புல் வெட்டுவதற்குப் பதில் மருந்தடிக்கும் வேலை வந்தது. அதில் பெரும்பாலும் பெண்கள்தான். முதுகில் டாங்கி, ஒரு கை பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், மறு கையில் குழாய். மூடி சரியாக இல்லையென்றால் மருந்து முதுகெல்லாம் ஒழுகும். முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. மூக்கில் ரத்தம் வரும், நகம் கழன்று விழும். 1992-இல் வசந்தி ஆறுமுகம் இந்தப் பெண்களைப் பற்றி எழுதிய ஆய்வைத் தெனாகானித்தா வெளியிட்டது. ஐரீன் பெர்னாண்டஸ் தொடங்கிய அமைப்பு அது. அவர்கள் அடித்த மருந்துகளில் ஒன்றான பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மலேசியாவில் 2002-இல் தடை அறிவித்தார்கள், 2006-இல் அதைத் தளர்த்தினார்கள், முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல்தான். ஆய்வு வந்தபோது மருந்தடித்த பெண்ணுக்கு அதற்குள் பேரன் பேத்தி பிறந்திருக்கும்.

இதையெல்லாம் அறிக்கையில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? வாசலில் கோலமாகப் போட்டிருந்தால் தெருவே படித்திருக்கும். விளையாட்டாகச் சொல்லவில்லை. 2019 டிசம்பர் 29, மார்கழிக் காலை. சென்னை பெசன்ட் நகரில் சில பெண்கள் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வேண்டாம் என்று கோலம் போட்டார்கள். போலீஸ் வந்து அவர்களைப் பிடித்துக்கொண்டு போனது. மறுநாள் கருணாநிதி, ஸ்டாலின் வீட்டு வாசல்களிலேயே அதே வாசகத்தோடு கோலம். பிறகு ஊர் ஊராகப் பரவியது. மைக் இல்லை, மேடை இல்லை, கோலமாவு மட்டும்தான். பிடித்துக்கொண்டு போயிருக்காவிட்டால் அந்த முதல் கோலம் சாயங்காலத்துக்குள் கால்பட்டு அழிந்திருக்கும்.

நம் ஊரில் கோலத்துக்குக் குறைவில்லை. தீபாவளி வந்தால் பேரங்காடிகளில் வண்ண அரிசிக் கோலங்கள், மண்டபங்களில் போட்டிகள். மயில், குத்துவிளக்கு, தாமரை. போன வருஷமும் மயில், அதற்கு முந்தின வருஷமும் மயில். தோட்டத்தில் பிறந்து இப்போது அடுக்குமாடியில் இருக்கும் அக்காக்களின் கைகள்தான் அவற்றில் பலவற்றைப் போடுகின்றன. அவர்களிடம் தலைப்பு கேட்டவர் யார்?

ஈப்போவில் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. இந்தத் தீபாவளிக்குத் தலைப்பு 'மருந்தடித்த அம்மா' என்று கொடுங்கள். டாங்கிக்கு எந்த நிற அரிசி, முகத்துண்டுக்கு எந்த நிறம் என்று அந்த அக்காக்களுக்கே தெரியும். நடுவராக ஓவிய ஆசிரியரோடு, மருந்தடித்த பாட்டி ஒருவரையும் உட்கார வையுங்கள்.