சீதனம் கேளாத வாசல்

(நூற்றாண்டு நன்றித் திருப்பலியைத் தொடர்ந்து கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



இன்று நவம்பர் 16. திருச்சபை நாட்காட்டியில் இது கன்ரபரிப் பேராயர் புனித எட்மண்டின் நினைவு நாள். எமது விழாவுக்கு நாள் குறித்தபோது இதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் வசதியான ஒரு நாளைத் தேடினோம், அது இந்த நாளாக அமைந்தது. ஆயினும் நூறு வயதைக் கண்ட ஒரு பெண்கள் பாடசாலை இந்தப் பேராயரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அதைச் சொல்லவே சில நிமிடங்களைக் கேட்டுப் பெற்றோம்.

எட்மண்ட் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் அபிங்டன் என்னும் ஊரில் பிறந்தவர். தந்தை வணிகர். அவர் பின்னாளில் குடும்பத்தை விட்டுத் துறவு மடத்தில் சேர்ந்துகொண்டார். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் தாய் மேபலின் தோளில் விழுந்தது. கண்டிப்பும் பக்தியும் மிக்க அந்தத் தாய் தம் ஆண்மக்களைப் பாரிஸ் நகருக்கு அனுப்பிப் படிப்பித்தார். தகப்பன் அருகில் இல்லாத வீட்டில் பிள்ளைகளின் படிப்பு குழம்பிவிடக் கூடாது என்று பாடுபட்ட தாய்மாரை நாம் அறிவோம். எம்மில் பலரை இந்தக் கல்லூரி வாசலுக்குக் கைபிடித்துக் கூட்டி வந்தவர்களும் அத்தகைய தாய்மார்தான்.

எட்மண்ட் ஒக்ஸ்போர்டில் ஆசிரியரானார். அரிஸ்டோட்டிலின் தருக்க நூல்களை அங்கு முதன்முதலில் கற்பித்தவர்களுள் ஒருவர் அவர். மாணவர் கொடுக்கும் பணத்தை அவர் யன்னல் விளிம்பில் போட்டு, அதன்மேல் தூசியைத் தூவிவிட்டு, யாரேனும் எடுத்துச் சென்றாலும் பொருட்படுத்தாமல் இருப்பார் என்று ஒரு கதை உண்டு. இன்னொரு கதையில் இறந்துபோன தாய் கனவில் வருகிறார். மகன் கற்பிக்கும் கேத்திரகணித உருவங்களைப் பார்த்து இவை என்ன என்று கேட்கிறார். பிறகு அவருடைய கையைப் பற்றி உள்ளங்கையில் மூன்று வட்டங்களை வரைந்து, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று பெயர் சொல்கிறார். அதன் பின்னரே அவர் இறையியல் கற்கத் திரும்பினார் என்பார்கள். கதைகள் எவ்வளவுக்கு உண்மையோ, அந்த மனிதரை அவர் காலத்தவர் எப்படி நினைவில் வைத்திருந்தார்கள் என்பதை அவை காட்டுகின்றன. பணத்தைப் பெரிதாக எண்ணாத ஆசிரியர். தாய் சொல்லை மறவாத மகன்.

இனி நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம். மேபல் மரணப் படுக்கையில் இருந்தபோது தம் பெண்பிள்ளைகளின் பொறுப்பை எட்மண்டிடம் ஒப்படைத்தார். சகோதரிகள் கன்னியர் மடத்தில் சேர விரும்பினார்கள். எட்மண்ட் இடம் தேடிப் போனார். மடங்களோ அவர்களைச் சேர்த்துக்கொள்ளப் பணம் கேட்டன. எமது பேச்சில் சொல்வதானால், கன்னியர் மடத்துக்கும் சீதனம்! கல்யாணம் செய்யத்தான் சீதனம் வேண்டும் என்று நாம் நினைத்திருந்தோம். கல்யாணமே வேண்டாம் என்று போகிற பெண்ணுக்கும் அன்று அது வேண்டியிருந்தது.

எட்மண்டால் அந்தப் பணத்தைத் தேடியிருக்க முடியும். ஆனால் இறைவனுடைய வீட்டு வாசலுக்கு விலை கொடுப்பது பாவம் என்று அவர் மறுத்துவிட்டார். கடைசியில் நோர்தாம்ப்டன் பகுதியில் கேற்ஸ்பி என்ற சிறிய மடம் எதுவும் கேளாமல் அந்தப் பெண்களை ஏற்றுக்கொண்டது. அவர்களுள் மார்கரெட் என்பவர் பின்னர் அதே மடத்தின் தலைவியானார். கையில் ஒன்றுமில்லாமல் உள்ளே வந்தவர் ஒருநாள் அந்த வாசலின் திறப்பைக் கையில் வைத்திருந்தார்.

எட்மண்ட் அதன் பின்னர் சோல்ஸ்பரிப் பேராலயத்தின் பொருளாளராகி, 1234இல் கன்ரபரிப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மூன்றாம் ஹென்றி மன்னரோடு முரண்பட வேண்டியிருந்தது. 1240 நவம்பர் 16இல் பிரான்சில் காலமாகி, பொன்டிஞி மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஆறே ஆண்டுகளில், 1246இல், திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

அவர் பெயர் போய்ச் சேர்ந்த இடங்கள் பல. ஒக்ஸ்போர்டில் அவர் வாழ்ந்த இடம் என்று கருதப்படும் நிலத்தில் சென்ற் எட்மண்ட் ஹோல் நிற்கிறது. அருகிலிருந்த பழைய கோயில் இன்று அதன் நூலகம். கேம்பிறிட்ஜில் 1896இல் கத்தோலிக்க மாணவருக்கென்று தொடங்கிய இல்லமும் அவர் பெயரையே தாங்குகிறது. டோவர் நகரில் அவருடைய நண்பரும் சீடருமான புனித றிச்சர்ட் 1253இல் அபிஷேகம் செய்த சின்னஞ்சிறு சிற்றாலயம், பல நூற்றாண்டுகள் வேறு வேலைகளுக்குப் பயன்பட்டு மறக்கப்பட்டுக் கிடந்து, 1968இல் மீண்டும் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது.

பொன்டிஞியில் 1843இல் அவர் பெயரால் ஒரு குருக்கள் சபை உருவானது. பிரான்சின் சட்டங்கள் நெருக்கியபோது அச்சபையினர் அமெரிக்கா சென்று, 1904இல் வெர்மொண்ட் மாநிலத்தில் ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். 1937இல் அலபாமாவின் செல்மா நகரில் கறுப்பின மக்களிடையே பணிக்குப் போனார்கள். 1965 மார்ச்சில், வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைப் பொலிஸார் அடித்து நொறுக்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை, காயப்பட்டவர்கள் பலருக்கு மருந்து கட்டியது அச்சபையினரின் வைத்தியசாலை. அங்கே பணிசெய்தவர்களுள் அருட்சகோதரிகளும் இருந்தார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சகோதரிகளுக்காக வாசல் வாசலாக ஏறி இறங்கியவரின் பெயரைத் தாங்கிய அந்த ஒக்ஸ்போர்ட் ஹோலில் முதல் மாணவிகள் காலடி வைத்தது 1979இல்தான். பெயரைக் காப்பது எளிது. அந்தப் பெயருக்குரிய மனிதர் செய்ததைச் செய்யத்தான் காலம் பிடிக்கிறது.

கேற்ஸ்பி மடத்துக்கு என்ன நடந்தது? 1536இல் எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களை மூடியபோது, அதைப் பார்வையிட வந்த மன்னரின் ஆணையாளர்களே அங்குள்ள ஒழுங்கையும் ஏழைகளுக்குக் கிடைத்த உதவியையும் புகழ்ந்து, அதனை விட்டுவைக்கும்படி எழுதினார்கள். மன்னர் கேட்கவில்லை. மடம் மறைந்தது. அதன் பெயரில் எந்தக் கல்லூரியும் இல்லை. ஆனாலும் எட்மண்டின் கதையைச் சொல்பவர்கள் அந்த வாசலை இன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய மாணவிகளே, எமது நூற்றாண்டு நிதிக்குக் கூட்டம் கூடியபோதெல்லாம் நாம் அதிகம் பேசியது எதைப் பற்றி? புதிய கட்டடத்தில் யார் பெயரைப் பொறிப்பது, எந்த வருடத்தவர் எவ்வளவு தந்தார்கள், எந்த நாட்டுக் கிளை முந்தியது என்பதைப் பற்றியே. தவறு என்று சொல்லவில்லை. கட்டடமும் வேண்டும், நன்றி சொல்வதும் வேண்டும். ஆனால் வாசலைப் பற்றி நாம் பேசவில்லை.

இந்த நாட்டில் 1945 முதல் கல்வி இலவசம். ஆயினும் பிள்ளையைச் சேர்க்கப் போன தாயிடம் மேசைக்கு அப்பாலிருந்து நன்கொடை என்ற பெயரில் ஒரு தொகை மெதுவாகக் கேட்கப்படும் கதைகளை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். காப்பை அடகு வைத்த தாய்மாரும் உண்டு, பேசாமல் திரும்பிப் போனவர்களும் உண்டு. திரும்பிப் போன பிள்ளை எந்தச் சங்கத்திலும் பழைய மாணவி ஆவதில்லை. அவள் பெயர் எந்த மலரிலும் வராது. அவளை நாம் எண்ணுவதும் இல்லை.

இங்கே இருக்கும் எம்மில் சிலருக்கு விடுதிக் கட்டணம் கட்டப்படாத தவணைகள் இருந்தன. அந்த நாளைய அருட்சகோதரிகள் அதைப் பேரேட்டில் எழுதிவிட்டு எம்மிடம் கேட்காமல் இருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவளுக்குக்கூட அது தெரியாது. அந்த மௌனத்தில்தான் நாம் தலை நிமிர்ந்து படித்தோம். எமக்குக் கிடைத்த கேற்ஸ்பி அதுதான்.

ஆகவே எமது சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கு கல்லிலும் சீமெந்திலும் போகாமல் இருக்கட்டும். வசதியில்லாத பிள்ளையின் விடுதிச் செலவுக்கும், சீருடைக்கும், சப்பாத்துக்கும், பயணச் செலவுக்கும் அது போகட்டும். யார் கொடுத்தது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். யார் பெற்றது என்று எமக்கும் தெரிய வேண்டாம். அதிபருக்கும் வகுப்பாசிரியைக்கும் தெரிந்தால் போதும். பரிசளிப்பு மேடைக்கு அந்தப் பிள்ளையை அழைத்து நன்றி சொல்ல வைக்கவும் வேண்டாம்.

எட்மண்டின் பெயர் கோயில்களிலும் கல்லூரிகளிலும் எழுதப்பட்டிருக்கிறது. அவருடைய சகோதரிகளுக்குக் கதவைத் திறந்த கன்னியர் யார் என்று எங்கும் எழுதப்படவில்லை. எமது கல்லூரி இரண்டாவது நூற்றாண்டுக்குள் காலெடுத்து வைக்கும் இந்த நாளில், பெயர் எழுதப்படாத அந்தக் கன்னியரின் பக்கத்தில் எமக்கும் ஓர் இடம் கிடைக்க வேண்டும் என்று இறைவனை வேண்டிக்கொள்வோம்.