மேய்ப்பனுக்குத் துணிவு வேண்டும்



கோணேசர் கோயிலுக்குப் போனவங்க திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்திருப்பீங்க. அந்த ஊர் புனித சூசையப்பர் கல்லூரியிலே ஒரு காலத்தில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர் யூஜின் ஹீபர்ட் சுவாமியார். அமெரிக்காவில் பிறந்த இயேசு சபைத் துறவி. பிறகு மட்டக்களப்பில் பணி செய்தார்.

1990-ஆம் ஆண்டு கிழக்கிலே யுத்தமும் கலவரமும். அவர் நினைத்திருந்தால் பிறந்த நாட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. காணாமல் போனவர்களுக்காகப் பேசினார். வாழைச்சேனையில் சிக்கியிருந்த கன்னியாஸ்திரிகளுக்கு உதவப் போனார். ஆகஸ்ட் 15-ஆம் தேதி, ஒரு தமிழ் இளைஞரோடு மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் இருவரும் காணாமல் போனார்கள். இன்றுவரை தகவல் இல்லை.

அவர் கையில் ஆயுதம் கிடையாது. ஆபத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவிலே போய் நின்றார், அவ்வளவுதான்.

வெட்கத்தோடு ஒன்று சொல்கிறோம். ஒரு ராத்திரி, புருஷன் அடித்ததால் ஒரு தங்கச்சி கைக்குழந்தையோடு எங்கள் கதவைத் தட்டினாள். "காலையிலே ஆபீசுக்கு வாம்மா" என்று அனுப்பிவிட்டோம். குடும்பச் சண்டையிலே தலையிடப் பயம். விடியும்வரை அவள் பிள்ளை மடுவத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாளாம்.

சுவாமியார்தான் மேய்ப்பன் என்றில்லை. தலைவர், கங்காணி, நலன்புரி உத்தியோகத்தர், பக்கத்து லயத்து அக்கா, எல்லாருமே மேய்ப்பர்தான். அடுத்த வீட்டில் அலறல் கேட்டால் "நமக்கேன் வம்பு" என்று விளக்கை அணைக்காதீங்க. நாலு பேராகப் போய் நில்லுங்க. எங்கள் கதவையும் தட்டுங்க. இனி திறப்போம்.