நுழைவதற்கு ஒரு பரீட்சை, பதிவுக்கு ஒரு பரீட்சை



மருத்துவக் கல்விக்குள் நுழைவதற்கு ஒரு பரீட்சை உண்டு. கற்று முடித்து மருத்துவராய்ப் பதிவு பெறுவதற்கு வேறொரு பரீட்சை உண்டு. இரண்டும் ஒன்றையே அளக்கின்றன என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். அவற்றின் வேறுபாட்டை இன்று சிறிது ஆராய்வோம்.

அரியாலையில் உயர்தர வகுப்பிலே உயிரியற் பிரிவிற் பயிலும் மாணவி ஒருத்தியை மனத்திற் கொள்ளுங்கள். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய பாடங்களில் அவள் பெறும் புள்ளிகள் அப்படியே கொள்ளப்படுவதில்லை. உடன் தோற்றியோரின் சராசரியினின்றும் அவள் எவ்வளவு மேலே நிற்கிறாள் என்பதே இசட் புள்ளியாகிறது. அதனை நான்கு தசம தானங்கள் வரை கணிக்கின்றனர். மருத்துவ பீட இடங்களில் நூற்றுக்கு 40 தீவளாவிய திறமை வரிசைப்படியும், 55 மாவட்டக் குடித்தொகைப்படியும், 5 கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் உரியன. ஆகவே, யாழ்ப்பாண மாவட்டத்தில் இடங்கிடையாத ஒரு புள்ளிக்குக் கிளிநொச்சி மாவட்டத்தில் இடங்கிடைத்தலும் உண்டு. "உனக்கு முன்னே எத்தனை பேர்?" என்பதே இங்கு கேள்வி.

பதிவுக்கான சோதனை வேறு. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்திற் கற்றவர், இறுதிப் பரீட்சையிற் சித்தியடைந்து, ஓராண்டு உள்ளகப் பயிற்சியையும் முடித்த பின்னரே முழுப் பதிவு பெறுகிறார். வெளிநாட்டிற் பட்டம் பெற்றோர் இலங்கை மருத்துவ சபையின் பதிவுப் பரீட்சையிலும் சித்தியடைதல் வேண்டும். தகுதியுடையோர் நூறு பேராயின் நூறு பேரும் சித்தியடையலாம். "இவர் கையில் நோயாளியை ஒப்படைக்கலாமா?" என்பதே கேள்வி. திறமை வரிசையில் வந்தவருக்கும் மாவட்ட ஒதுக்கீட்டில் வந்தவருக்கும் வினாத்தாள் ஒன்றே.

இந்தியாவிலும் இவ்வாறே. நீட் தேர்வு மாணவரை வரிசைப்படுத்துகிறது. வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான தேர்விலோ 300க்கு 150 பெற்ற எவரும் தேறுவர்.

இதனால் விளங்குவது யாது? வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்ற பிள்ளையை, மருத்துவத்துக்குத் தகுதியற்றவள் என்று எந்தப் பரீட்சையும் தீர்ப்பளிக்கவில்லை. அவ்வாண்டு இடம் போதவில்லை என்பதே செய்தி. ஒதுக்கீட்டில் நுழைந்து இறுதிப் பரீட்சையிற் சித்தியடைந்தவரைக் குறைத்து மதிப்பதற்கும் நியாயமில்லை.

பெறுபேறு வெளியாகும் நாளில், துக்கம் விசாரிப்பார்போலக் கூடும் உறவினர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று. அப்பிள்ளை மீண்டும் தோற்றலாம். தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகியவற்றை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே கற்கவுஞ் செய்யலாம். எதனைத் தெரிவதென்று அமைதியாக எண்ணிப் பார்க்க, அவளுக்குச் சில நாள் அவகாசம் கொடுங்கள்.